எடுத்த இடத்திலேயே

டுலூத், மினசோட்டா
14 மார்ச் 1994

கல்மரப் பூங்கா அலுவலருக்கு,

வணக்கம். இத்துடன் வரும் பொட்டலத்தில் ஒரு குழந்தையின் காலுறை இருக்கும். காலுறைக்குள் ஒரு கல், கல்லாகிப்போன மரத்தின் துண்டு. உங்களுடையது. போன ஜூலையில் எடுத்தது. எடுத்தவள் நான், என் மகள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் டெஸ்ஸுக்கு அப்போது ஆறு வயது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் என்ன பறவை, என்ன பூ, என்ன மரம் என்று ஓர் அட்டைப் புத்தகம் வைத்திருக்கிறாள். அதுதான் அவளுக்கு வேதம். மினசோட்டாவிலிருந்து உங்கள் ஊர் வரை வண்டிகளின் நம்பர் பலகைகளைப் பார்த்து முப்பத்தேழு மாநிலங்களை எண்ணினாள். "அம்மா, அரிசோனாவோட சின்னமே கல்மரந்தான்! இப்ப நான் சின்னத்து மேலயே நிக்கிறேன்!" என்று குதித்தவள், கிளம்பும் நேரத்தில் வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். கொதிக்கிற வெயில். அழுகையை நிறுத்த, கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்து அவள் சட்டைப் பையில் போட்டேன்.

வெளிவாயிலில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி குனிந்து, "கல்லு ஏதாவது எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "ஐயோ, இல்லங்க" என்றேன். பின்சீட்டில் டெஸ் வாயைத் திறந்தாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான், கல் எடுத்துப் போனவர்கள் எழுதிய மன்னிப்புக் கடிதங்களை உங்கள் கண்ணாடிப் பெட்டியில் படித்திருந்தோம். ஒருவர் எடுத்த மாதமே மனைவி போய்விட்டாளாம், நாய் செத்துவிட்டதாம். "பாவம், நாய்" என்று என் கணவர் கைலிடம் சொல்லிச் சிரித்தேன்.

அக்டோபரில் டெஸ்ஸுக்கு முதல் வலிப்பு வந்தது. இதுவரை ஒன்பது. மூளையை எல்லா விதமாகவும் படம் எடுத்துவிட்டார்கள். "இதுதான் காரணம்னு கைகாட்ட எதுவும் இல்லம்மா" என்கிறார் மருத்துவர். நான் கல்லூரியில் உயிரியல் படித்தவள். கல் யாரையும் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் காரணமே இல்லை என்கிறார்களே, அதை வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்?

தயவுசெய்து அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நீளமான நடைபாதையில் மூன்றாவது திருப்பம், ரம்பத்தால் அறுத்ததுபோல் உடைந்து கிடக்கும் பெரிய தண்டுக்கு இடப்புறம். வைத்ததும் ஒரு வரி எழுதினால் போதும்.

மேரிட் ஓல்சன்


அரிசோனா
25 மார்ச் 1994

அன்புள்ள மேரிட் அவர்களுக்கு,

உங்கள் காலுறையும் கல்லும் வந்து சேர்ந்தன. வாயிலில் நின்றது நானாகவும் இருக்கலாம். ஜூலையில் பாதி நாள் அங்கேதான் நிற்பேன். என்னிடம் பொய் சொன்ன ஆயிரம் பேரில் நீங்களும் ஒருவர், அதனால் மனம் வருந்த வேண்டாம்.

இங்கே வாரம் தவறாமல் கல் வருகிறது. போன மாதம் ஒருவர், கல்லால் தன் லாரி எஞ்சின் போய்விட்டது என்று எழுதியிருந்தார். என்னோடு வேலை பார்க்கும் வால்ட் அதைப் படித்துவிட்டு, "ஏன்டாப்பா, ரெண்டு வருசமா ஆயில் மாத்தாதவன் நீ, பழி மட்டும் கல்லுக்கா?" என்றான்.

கல் யாரையும் சபிக்காது, மேரிட். இருபது கோடி வருடமாகச் சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. ஆனாலும் உங்கள் மனம் புரிகிறது. இன்று மாலை நானே எடுத்துப்போய், மூன்றாவது திருப்பத்தில், நீங்கள் சொன்ன தண்டின் இடப்புறம், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு பல்லி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

டெஸ்ஸிடம் சொல்லுங்கள்: எங்கள் மாநிலப் பறவையான கள்ளிக்குருவி என் சன்னலுக்கு வெளியே கூடு கட்டியிருக்கிறது. ஓர் இறகு அனுப்பலாம் என்றால் அதுவும் சட்ட விரோதம்.

நலம் விரும்பும்,
டெலியா காண்டெலேரியா


டுலூத்
9 மே 1994

அன்புள்ள டெலியா,

உங்கள் கடிதம் மார்ச் 29ஆம் தேதி வந்தது. இன்று நாற்பத்தோராவது நாள். ஒரு வலிப்புகூட இல்லை! சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறேன்.

அந்தப் பல்லியைப் பற்றி டெஸ் தினமும் கேட்கிறாள். "தொப்பிக்காரம்மா இன்னிக்கும் பார்த்திருப்பாங்களா?" என்பாள். இரவில் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பவள் நான். இப்போது கண்ணை மூடினால் விடிந்துவிடுகிறது. கல் நிழலில் கிடப்பதை நினைத்துக்கொள்வேன், தூங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டு மருந்துக் கூத்தையும் கேளுங்கள். மினசோட்டாவின் மாநிலப் பானம் பால். மாநில மஃபினே ஒன்று உண்டு, நீலப்பழம் போட்டது. வலிப்பு மாத்திரையைப் பொடித்து அந்த மஃபினுக்குள் ஒளித்துக் கொடுத்தால், "பாலும் மஃபினும் சட்டத்துல இருக்கும்மா. மாத்திரை எந்தச் சட்டத்துல இருக்கு? கவர்னர் கையெழுத்துப் போடட்டும், சாப்பிடறேன்" என்று துப்புகிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த மாத்திரை சாப்பிட்டால் வகுப்பில் மேஜை மேலேயே தலை சாய்கிறது, எழுத்து கோணுகிறது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து அதையும் கொடுக்கவில்லை. கல் திரும்பிவிட்டதே, இனி எதற்கு? பிள்ளை பழையபடி துருதுருவென்று இருக்கிறாள். கைல் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை செய்கிறார். ஏரியிலிருந்து மாதக் கடைசியில்தான் வருவார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

மிக்க அன்புடன்,
மேரிட்


அரிசோனா
14 மே 1994

மேரிட்,

முதலில் இது: மருந்தைக் கொடுங்கள். படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிட்டு, நிறுத்திவிட்டதைச் சொல்லி, எவ்வளவு கொடுப்பது என்று கேளுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

நான் கல்லை எடுத்த இடத்தில் வைக்கவில்லை.

எங்களுக்கு அது தடை. எந்த மண்ணில் எது கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் படிக்கிறார்கள். திரும்பி வரும் கல்லை ஞாபகத்தை நம்பி வைத்தால் அந்தப் பாடமே கெட்டுவிடும். அதனால் திரும்பி வருவதெல்லாம் பூங்கா ஊழியர்களின் வண்டி போகும் தடத்தோரம் ஒரு குவியலில் சேரும். உங்களுடையதும் அதில்தான் கிடக்கிறது. எது என்று கேட்டால் இப்போது எனக்கே தெரியாது. மூன்றாவது திருப்பத்துக்கு நான் போகவேயில்லை. பல்லியும் பொய்.

ஏன் எழுதினேன்? "ஒரு வரி எழுதினால் போதும்" என்றீர்கள். ஒரு வரிதானே, ஒரு தாய் தூங்கட்டுமே என்று நினைத்தேன். பதினேழு வருடத்தில் யாருக்கும் அப்படி எழுதியதில்லை. எல்லோருக்கும் போகும் அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் அதையே அனுப்பியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. தொலைபேசித் தகவலில் கேட்டேன்; உங்கள் எண் பட்டியலில் இல்லை என்றார்கள். வால்ட், "அவங்க ஊர் போலீசுக்குப் போன் போட்டுச் சொல்லு, டெலியா. வீட்டுக் கதவைத் தட்டட்டும்" என்றான். ஒரு தாயின் மீது போலீசை ஏவ எனக்கு மனம் வரவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உறையின் பின்புறம் என் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிட்டுத் திட்டுங்கள். கூப்பிட்டால் போதும்.

டெலியா


டுலூத்
20 ஜூன் 1994

டெலியாவுக்கு,

உங்கள் விரைவுத் தபால் மே 16, திங்கட்கிழமை காலை வந்தது. வீட்டில் யாரும் இல்லை. புதன்கிழமை, மாற்றுத் துணி எடுக்க வந்தபோதுதான் பார்த்தேன்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, டெஸ்ஸுக்கு வலிப்பு வந்துவிட்டது. நாற்பது நிமிடம் நிற்கவில்லை. ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளப் பையன்கூடக் கடைசியில் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். உயிர் இருக்கிறது. உட்காருகிறாள், ஊட்டினால் விழுங்குகிறாள். வலது கை சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு இன்னும் வரவில்லை. வரலாம் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் காகிதங்களைப் புரட்டுகிறார்கள்.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டபோது, கப்பலிலிருந்து இறங்கிய உடுப்போடு கைல் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இல்ல. நான் நிறுத்திட்டேன்" என்றேன். அவர் கத்தவில்லை. "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "நாலாந்தேதி போன் பண்ணேனே, மேரிட். நல்லா இருக்காள்னு சொன்னியே" என்றார். நல்லாத்தான் இருந்தாள், டெலியா. அதைத்தான் சொன்னேன்.

போன வாரம் டெஸ்ஸை விஸ்கான்சினில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கலாம். மருந்து நேரத்தில் மாமியார் என்னை அறையைவிட்டு வெளியே நிற்கச் சொல்கிறார். கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் நடைவழியில் நிற்கிறேன்.

போலீசை அனுப்பியிருக்கலாம் நீங்கள். சனிக்கிழமை யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால் எவ்வளவு கோபப்பட்டிருப்பேன்! அந்தக் கோபத்தை எத்தனையோ தடவை மனதுக்குள் பட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் மாத்திரைப் புட்டியை மூடி வைத்த கை உங்களுடையது இல்லை. முதல் கடிதத்திலேயே கல் யாரையும் சபிக்காது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனவள் நான். கைலிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்கள் மேலிடத்துக்கு எழுதப்போவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் கொடுத்த எண்ணுக்கு நான் கூப்பிடப் போவதில்லை. நீங்களும் எனக்கு எழுத வேண்டாம். இது கோபம் இல்லை. நேற்று உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். முடியவில்லை, முழுக்கப் படித்துவிட்டேன். எல்லாம் பொய் என்று தெரிந்தும், படித்து முடித்தபோது எனக்குத் தூக்கம் வந்தது, டெலியா. நாற்காலியிலேயே ஒரு மணி நேரம், பிள்ளை பக்கத்து அறையில் இருப்பதுபோல், அயர்ந்து தூங்கினேன். இன்னொரு தடவை உங்கள் கையெழுத்து இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

மேரிட்