வைரிமுவின் புதுப் பாட்டு

நைரோபி
27 மே 2018

அன்புத் தங்கை நெலிமாவுக்கு,

நலமா? உன் ஹாஸ்டல் வார்டன் இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார். அவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பகலெல்லாம் ஒயரிங் வேலை. சனிக்கிழமை வந்தால் ஜோகு ரோட்டு ஓட்டலின் பின்முற்றத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு. மொத்தம் அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. ரேடியோ பக்கமே போகாத ஆட்கள்தான் இங்கே பாடுவார்கள். போன வாரம் 'ஈரச் செங்கல்' என்று ஒரு குழு வந்தது. ஒருவன் மட்டாட்டு மினிபஸ் கண்டக்டர், மற்ற இருவர் அண்ணன் தம்பி. டிரம்முக்குப் பதில் தண்ணீர் கேன். முதல் பாட்டு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவதுபோல் ஆரம்பித்தது, எல்லோரும் சிரித்தோம். பாதியில் அந்தத் தம்பிக்காரன் குரல் சேர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வைரிமு என்று ஒருத்தியும் பாடுகிறாள். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பாடுவாள். நல்ல தோழி. வார்டன் அம்மா கவனிக்க: தோழி மட்டும்தான்.

ஆகஸ்ட் 18 மத்தியானம் பெரிய கச்சேரி. உனக்கு லீவு. அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா மேல்தான் எனக்கு வருத்தம். மார்ச்சில் பென் டிரைவில் பதினாலு பாட்டு அனுப்பினேன். இருபது வருஷமாகச் சர்ச் பாட்டுக் குழுவை நடத்துகிற மனுஷர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் கேட்டால் அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். குப்பை என்றாவது சொல்லலாம் இல்லையா?

உன் அண்ணன்,
சிமியு


ககமேகா
12 ஜூன் 2018

அன்புள்ள அண்ணா,

வார்டன் உன் கடிதத்தை நீட்டியபடி, "உங்கண்ணனுக்குக் கல்யாணம் எப்போ?" என்றார். இனி நீ எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுது.

இதைப் பள்ளிக்கூடப் பெட்டியில் போடவில்லை. ரொட்டி வண்டி டிரைவரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். அதனால் மனசில் இருப்பதை எழுதலாம்.

அப்பாவை அப்படி நினைக்காதே. அவருக்குக் காது கேட்கவில்லை, அண்ணா.

ஏப்ரல் லீவில் எனக்குத் தெரிந்தது. தையல் கடையில் நீ அனுப்பிய பாட்டைத்தான் போட்டிருந்தார். கடையே அதிர்கிற சத்தம். இரண்டு கையையும் ரேடியோமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்த பிறகும் கை அப்படியே இருந்தது. பின்னாலிருந்து மூன்று தரம் கூப்பிட்டேன். தற்செயலாகத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை நாளாப்பா?"

"ஒரு காது போயி ரெண்டு வருசம். இன்னொண்ணு இந்த வருசம் போயிடுச்சு. வாயப் பாத்தா புரிஞ்சுக்குவேன். உங்கம்மாவுக்கே தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதம்மா. பாட்டுக் குழுவும் போயிட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மாவோ, "உங்கப்பனுக்கு வரவர நான் பேசுறது காதுலயே ஏறமாட்டேங்குது" என்று சிரிக்கிறாள்.

ஞாயிறு சர்ச்சில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெண்களின் உதட்டசைவைப் பார்த்துத் தாளம் போடுகிறார். நாற்பது பேர் பாடுகிறார்கள், அந்தப் பாட்டைக் கேட்காத ஒரே ஆள் அப்பாதான்.

சத்தியத்தை மீறி உனக்கு எழுதுகிறேன். நீ அவரைத் தப்பாக நினைப்பதைத் தாங்க முடியவில்லை. இது உன்னோடு இருக்கட்டும்.

அன்புத் தங்கை,
நெலிமா


நைரோபி
8 ஜூலை 2018

என் அன்பு நெலிமா,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் படித்து அழுதேன். பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். அப்பாவைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! என்னை நம்பி எழுதினாயே, அதை மறக்கமாட்டேன்.

அப்பாவைக் கச்சேரிக்கு வற்புறுத்தாதே. அம்மா அவரோடு இருக்கட்டும். நீ மட்டும் வா, பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். இரண்டாவது வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வைரிமு ஒரு புதுப் பாட்டு கட்டியிருக்கிறாள். அவள் இதுவரை பாடியதிலேயே இதுதான் உசத்தி. என்ன பாட்டு என்று இப்போது சொல்லமாட்டேன்.

வார்டன் அம்மாவுக்கு: அந்தக் கல்யாணக் கேள்விக்கு டிசம்பரில் பதில் சொல்கிறேன்.

சிமியு


ககமேகா
9 செப்டம்பர் 2018

அண்ணா,

கச்சேரியன்று தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேனே, அது பொய். நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன், தலைவலி என்று படுத்துக்கொண்டேன். காலை பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். நீ போன் செய்தாய். எடுக்க மனசில்லை.

ஈரச் செங்கல் நீ சொன்னதைவிட நன்றாயிருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய். அந்தத் தம்பிக்காரன் பாடியபோது, இதையெல்லாம் கேட்கத்தான் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று நினைத்தேன்.

அப்புறம் வைரிமு வந்தாள். முதல் வரி என்னுடையது. அடுத்ததும் என்னுடையது. தையல் கடை, ரேடியோமேல் கை, நாற்பது பேர் பாட்டு, எதையும் அவள் விடவில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து உனக்காக எழுதியதை ஒரு முற்றம் நிறைய ஆட்கள் கேட்டு அழுதார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம், யாரு வீட்டு மனுசனோ" என்றாள்.

நீ மேஜைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய், பெரிய பரிசு கொடுத்தவன்போல. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஊரில் ஒரு வாரம் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். என் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாரோ என்று.

நெலிமா


நைரோபி
23 செப்டம்பர் 2018

நெலிமா,

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தை வைரிமுவுக்கு வாசித்துக் காட்டினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. என் தங்கை எப்படி எழுதியிருக்கிறாள் பார் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது. "நான் இதப் பாடட்டுமா?" என்று கேட்டாள். உன்னைக் கேட்காமல் நானே சரி என்றேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்றே நம்பினேன். நான் ஒரு முட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கச்சேரியில் யாரோ அதைப் போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். நம் ஊர்வரை போய்விட்டது. நேற்று அம்மா போனில், "உன் சிநேகிதி பாட்டாமே? பக்கத்து வீட்டு லோயிஸ் காட்டுனா. நல்லாத்தான் பாடுறா. பாட்டுல வர்றவரு நம்ம அப்பா மாதிரியே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

இனி அதைப் பாடமாட்டேன் என்று வைரிமு சொல்லிவிட்டாள். ஆனால் வெளியே போனதை எப்படித் திரும்பப் பிடிப்பேன்? நான் என்ன செய்யட்டும், சொல்.

சிமியு


நைரோபி
21 அக்டோபர் 2018

நெலிமா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். நாலு சனிக்கிழமையாக நான் கச்சேரிப் பக்கம் போகவில்லை. எழுது. திட்டியாவது எழுது.

சிமியு


ககமேகா
11 நவம்பர் 2018

அண்ணா,

நேற்று பெற்றோர் பார்க்க வரும் நாள். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். சப்பாத்தி, கோழிக் குழம்பு. யூகலிப்டஸ் மரத்தடியில் துணி விரித்து உட்கார்ந்தோம்.

அம்மாதான் எல்லாம் சொன்னாள். பாட்டு பரவிய மறு ஞாயிறு, பாட்டுக் குழுப் பெண்கள் அப்பாவிடம் பேசும்போது ரொம்ப வாய் திறந்து, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்களாம். அப்பாவுக்கு அது போதும். ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "நீங்க கேள்விப்பட்டது நெசந்தான். வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்றாராம். பாட்டுப் புத்தகத்தைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்துக்கொள்கிறார்.

அம்மாவுக்கு வேறு கோபம். "ரெண்டு வருசமா நான் செவுத்துகிட்ட பேசியிருக்கேன், கேட்டியா? சொல்லியிருந்தா சண்டையாவது போடாம இருந்திருப்பேனே!" என்றாள். சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தாள்.

நான் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். சத்தியத்தை மீறியது நான்தான், அண்ணனுக்கு எழுதியது நான்தான் என்றேன். நான் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது தப்பில்லம்மா. சின்னப் பொண்ணு தலையில அதக் கட்டுனது என் தப்பு. ஆனா அவன் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். 'அப்பா, உனக்கு இப்படியாமே'ன்னு ஒரு வரி. ஊரையே அழ வெக்கத் தெரிஞ்சவனுக்கு அப்பனுக்கு ஒரு லெட்டர் போடத் தெரியலியே."

கிளம்பும்போது, கிறிஸ்துமஸுக்கு உன்னை வரச்சொல்லி எழுதச் சொன்னார்.

வா, அண்ணா. அவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குத் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. நீ வந்தால் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். புதிதாக எந்தக் குழு பாடுகிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் வீட்டுச் சேதி எதுவும் இனி என்னிடமிருந்து உனக்கு வராது. அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்காதே.

அவரையே கேள். எதிரில் உட்கார்ந்து, உன் முகத்தில் வெளிச்சம் விழும்படி, மெதுவாகக் கேள்.

நெலிமா