உள்ளங்கையில் சீனி

அன்பு அக்கா குப்பாயிக்கு,

கொட்டாஞ்சேனை விடுதிச் சமையலறையின் சக்கரவர்த்தி, உன் தம்பி அழகுமுத்து வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் யாரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

இங்கே இலவசமாகத் தங்கி ஹோட்டல் வேலை பழகும் உன் மகள் சுதர்சினிக்கு நேற்றுப் பரீட்சை. தோற்றால் வீட்டுக்கே போய்விடுவதென்று பையைக் கட்டி வைத்திருந்தாள். பரீட்சகர் தேநீர்க் கோப்பையை வாங்கக் கை நீட்டினார். பதற்றத்தில் இவள், நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் செய்வதுபோல், அவர் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டிவிட்டாள்!

“என்ன பிள்ளை இது?”

“சீனி சார். நக்கிக்கிட்டே குடிங்க, அப்பதான் ருசி.”

பக்கத்துத் துறைமுகத்தில் நாற்பது கப்பல்கள் மூச்சை அடக்கின. அவர் நக்கினார், குடித்தார், தாரை தாரையாக அழுதார். “இன்னொரு கப் தாங்க பிள்ளை” என்றார். கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதின.

எனக்கு ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் வேண்டும். அதைக் கொண்டுவரும் சாக்கில் நீயே வந்தாலும் குற்றமில்லை. சோறு பொங்குகிறது, முடிக்கிறேன்.

கப்பலும் கண்ணீரும் என் கைச்சரக்கு, அக்கா. பரீட்சகர் அவளுக்குப் பாஸ் போட்டது மட்டும் நிஜம். ஆகையால் உன் மகள் இப்போதைக்கு வீட்டுக்கு வரமாட்டாள், அழுதுவிடாதே.