குறிக்காமல் விட்ட ஆள்

மார்ச் 3, திங்கள்
ஆய்வகத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். ‘அவசரம்’ திரும்பி வர விரும்புகிறானாம். ஓடிப்போன எங்கள் உதவியாளனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

“நாசமானது உன் ஆராய்ச்சி மாதிரிங்கதான். நீ சரின்னா சேர்த்துக்கறேன், இல்லன்னா வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள சொல்லும்மா.”

‘வேண்டாம்’ நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாதிரிகள் இருந்த உறைபெட்டியின் கதவைச் சரியாக மூடாமல் போனான். அது கைத்தவறு. காலையில் எல்லாம் உருகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடினானே, அது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருப்பேன். மதியம்தான் திறந்தேன். என் ஒரு வருடம் தண்ணீராகச் சொட்டியது.

மார்ச் 8, சனி
வேத வாசிப்புக் குழு. சட்டம் பழையதுதான்: பென்சில் பேசி முடிக்கும்வரை வாய் பேசக்கூடாது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து, வண்ணப் பென்சிலால் குறிக்க வேண்டும். ஆட்களுக்கு நீலம், வேண்டுகோளுக்குச் சிவப்பு, காரணத்துக்குப் பச்சை. விளக்க நூல்களுக்கு அனுமதி இல்லை.

இந்த மாதம் பிலேமோனுக்கு எழுதின நிருபம். ஒரே பக்கக் கடிதம்.

“இது நிருபமா, பஸ் டிக்கெட்டா?” டாக்ஸி ஓட்டும் அண்ணன்.

எஜமான் பிலேமோனை விட்டு ஓடிப்போன அடிமையை, சிறையில் இருக்கும் பவுல் திருப்பி அனுப்புகிறார். இனி இவனைச் சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்கிறார்.

வேறு பகுதியே கிடைக்கவில்லையா?

மார்ச் 9, ஞாயிறு
விடமாட்டேன். தினமும் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை இதைப் படிப்பேன். உரக்க.

மார்ச் 12, புதன்
அம்மா எட்டிப் பார்த்தாள். “வேதத்தைப் படம் வரையிற நோட்டு ஆக்கிட்டியேடி.”

“இப்படிப் படிச்சாத்தாம்மா கண்ணுல படும்.”

“என்ன பட்டுச்சு?”

“அந்த அடிமை ஏன் ஓடினான்னு எங்கயுமே எழுதல.”

“அப்ப அது பெரிய விஷயமில்ல போல.”

எனக்குப் பெரிய விஷயம். பச்சைப் பென்சில் முனை உடைந்தது.

மார்ச் 14, வெள்ளி
‘அவசரம்’ அனுப்பிய குறுஞ்செய்தி: “அக்கா, அன்னைக்குப் பயந்துட்டேன்.” பதில் போடவில்லை.

மார்ச் 15, சனி
இரண்டாம் வாரம் புத்தகங்களை மாற்றிக்கொள்வது வழக்கம். அடுத்தவர் குறித்ததைப் பார்ப்பதற்கு. என்னுடையது மருந்துக்கடை அக்காவின் கையில்.

“எழுதினவரு நீலம். ஓடினவன் நீலம். கடைசியில வணக்கம் சொல்றவங்ககூட நீலம். இது யாருக்குடி வந்த கடிதம்? அந்த ஆள் எங்க?”

வாங்கிப் பார்த்தேன். பிலேமோன் என்ற பெயரின்மேல் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை நாள், இத்தனை முறை!

“சபை கூடுறதே அந்த மனுஷன் வீட்டுலதான். வீட்டுக்காரனையே வாசல்ல நிக்க வெச்சுட்டாளே!” என்றார் டாக்ஸி அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் — கொஞ்சம் தாமதமாக.

மார்ச் 16, ஞாயிறு
நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பிலேமோன் பெயர். பிறகு ஒவ்வொரு ‘நீ’, ஒவ்வொரு ‘உன்’. பக்கமே நீலமாகிவிட்டது.

ஓடினவனைப் பற்றிய கடிதம் என்றல்லவா படித்துக்கொண்டிருந்தேன்? சிவப்பு அத்தனையும் ஓடாமல் இருந்தவனுக்கு. அதைக் கேட்டு அவன் என்ன செய்தான் என்று எழுதவில்லை. கடிதம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மார்ச் 20, வியாழன்
கோபம் அப்படியே இருக்கிறது. மன்னிப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் இதே பென்சிலால் குத்துவேன். இன்றும் படித்தேன்.

மார்ச் 24, திங்கள்
“வரட்டும் சார். ஆனா உறைபெட்டிச் சாவி அவன்கிட்டதான் இருக்கணும்.”

“மறை கழண்டு போச்சா உனக்கு? திரும்ப அவன்கிட்டயா?”

“அவன்கிட்டதான். இல்லன்னா அவனைச் சேர்த்த மாதிரியே இல்ல.”

தீர்மானித்துவிட்டுத்தான் போனேன்.

ஏப்ரல் 2, புதன்
சாயங்காலம் ‘அவசரம்’ உறைபெட்டியைப் பூட்டினான். கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்தான்.

“அக்கா, நீங்களும் ஒருதரம் பாத்துடுங்க.”

“நீ பாத்துட்டல்ல? வா, கிளம்பலாம்.”

அந்தக் கதவை ஒருதரம் இழுத்துப் பார்க்கப் பேருந்து நிறுத்தம் வரை கை பரபரத்தது. திரும்பிப் போகவில்லை.