வெறும் வயிற்றுக் காபி

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே லூ அனல்காற்று அடித்து ஊரே வறுபடுகிறது, ஆனாலும் அப்பா நலம், பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலையும் நலம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சொல்ல வாயெடுத்தேன், அப்பா பின்னால் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார், பேச்சை மாங்காய்த் தொக்குக்குத் திருப்பிவிட்டேன்.

நம் பிளாக் சுஜாதா, ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சியாம், உடம்பு நன்றாக இருக்கிற பெண்களின் ரத்தம் வேண்டுமாம் என்று கூப்பிட்டாள். ரத்தத்தில் அமினோ அமிலங்கள் இருக்கின்றனவாம், நாம் சாப்பிடுகிற பருப்பும் பாலும் செரித்துக்கூட அவை வருமாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அவற்றின் அளவு மாறுகிறதா என்று மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் நல்ல உடம்புக்காரி என்ற பெருமையில் மெட்ரோ ஏறிப் போனேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நம் வீட்டில் காபியை எந்தக் காலத்தில் சாப்பாட்டில் சேர்த்தோம்? ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நர்ஸ் கேட்டதும், ஒண்ணும் சாப்பிடலை, காபி மட்டும்தான் என்று தெம்பாகச் சொன்னேன். அரே ஆன்ட்டி, பால் போட்டதா என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பாலில் இருக்கும் புரதம் அளவைக் கெடுத்துவிடுமாம். ரத்தம் இன்னொரு நாள் கொடுங்கள், வந்ததற்கு மார்பில் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்ய எல்லோருக்கும் எடுக்கிற மேமோகிராம் படத்தையாவது முடித்துக்கொள்ளுங்கள் என்றார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மேதா. ரத்தம் கொடுத்திருந்தால் படத்துக்கு அப்புறம் வருகிறேன் என்று நழுவியிருப்பேன், உனக்கு என்னைத் தெரியாதா.

அந்தப் படத்தில் இடது பக்கத்து மார்பில் பட்டாணி அளவு ஏதோ தெரிகிறதாம். கையில் தட்டுப்படவே இல்லை. மறுவாரம் காபி குடிக்காமல் தலைவலியோடு போய் ரத்தம் கொடுத்தேன். இதிலேயே தெரிந்துவிடுமா என்று கேட்டேன். இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா, என்றைக்காவது உதவலாம், உங்களுக்கு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால்தான் பதில் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் டாக்டர். அவருக்கும் உன் வயதுதான் இருக்கும். அந்தக் கை உன் கையாக இருக்கக் கூடாதா என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். வருகிற வியாழக்கிழமை பயாப்ஸி, முடிவு வர அதற்கப்புறம் ஒரு வாரம் ஆகுமாம்.

பிள்ளை பதறிப் போகும், எல்லாம் தெரிஞ்சப்புறம் சொல்லலாம் என்கிறார் அப்பா. அவர் கீழே சப்ஜிவாலாவிடம் காய்கறிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அவரைக் கோபிக்காதே, தினமும் எனக்கு முன்னால் எழுந்து டிகாக்‌ஷன் போட்டு வைக்கிறார். நீயும் உன் டாக்டரிடம் என் விஷயத்தைச் சொல்லி, உனக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று கேள், என்னைப் போல் தள்ளிப்போடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இங்கிலீஷில் இரண்டு வரி தட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்திருப்பாய். தில்லியில் பிறந்தவள் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், இதை முடிக்க அரைமணியாவது ஆகும். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய் என்றுதான் தமிழில் எழுதினேன். லீவு கிடைத்தால் வா என்றே இத்தனை வருஷமும் சொல்லி வந்தேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. வந்துவிடு கண்ணே.

உன்னைப் பார்க்க ஏங்கும்
அம்மா தங்கம்