சுவருக்குள் இருப்பவளுக்கு

வல்ஃபோஸ்கா, ஆற்றங்கரை மாவு ஆலை
1312, புனித மார்ட்டின் திருநாள்

அன்புத் தங்கை நூட்டாவுக்கு,

ஜெம்மா எழுதுவது. நாங்கள் நலம். உன் நலத்தை இப்போது ஊரே வந்து எனக்குச் சொல்கிறது. மொன்தேரோசா கோவில் சுவரை ஒட்டிய அறைக்குள், ஆயுள் முழுக்க ஜெபத்துக்கென்று நீ போய் அடைந்துகொண்டபோது, "பாவம், புத்தி கெட்டுப் போச்சு" என்றவர்கள்தான். இப்போது மாவரைக்க வந்தால், "உங்க தங்கச்சிகிட்ட எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று குழைகிறார்கள்.

பிரபுவே உன் ஜன்னலுக்கு வெளியே மண்டியிட்டாராமே, உண்மையா? என் வீட்டுக்காரர் லாப்போ விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சின்ன வயசுலயே அவ யாரையும் பேச விடமாட்டா. இப்ப பிரபுவையும் விடலையா?" என்கிறார்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். தவம், விரதம் என்று வெறுங்காலோடு கல்தரையில் நிற்காதே. எனக்கு இருப்பது ஒரே தங்கை.

உன் அக்கா,
ஜெம்மா


மொன்தேரோசா
புனித லூசியா திருநாள்

அன்புள்ள அக்கா,

காலுறை வந்தது. ஜன்னலுக்கு வந்த தொழுநோய்க்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். திட்டாதே.

பிரபு வந்தது உண்மைதான். முதலில் அவர் மனைவி வந்தாள். பிள்ளை தங்கவில்லை என்று என் ஜன்னலின் கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். அன்று ஜெபத்தில், அவள் மடியில் ஆட்டுக்குட்டி உறங்குவதைக் கண்டேன். சொன்னேன். பிள்ளை பிறந்தது. பிறகு பிரபுவே வந்தார். அவருடைய தானியக் காவலன் திருடுவதைச் சொன்னேன். அதுவும் சரியாக இருந்தது. இப்போது என்னைக் கேட்காமல் அவர் படை கிளம்புவதில்லை. திருச்சபையின் ஆயரும் ஆள் அனுப்பிக் கேட்கிறார். நான் சொன்னதால் தொழுநோயாளிகளுக்கு ஒரு விடுதி எழும்பியிருக்கிறது.

பகலெல்லாம் பெண்கள் ஜன்னலில் மனதைக் கொட்டுகிறார்கள். ஜெபத்தில் கடவுள் காட்டுகிறார். எது எங்கிருந்து வந்தது என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. சில நேரம் பயமாக இருக்கிறது அக்கா. இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் பெரிய பயம்.

பாஸ்கா திருநாளுக்கு வா. உன் குரலைக் கேட்க வேண்டும். அத்தானுக்கு என் அன்பு.

நூட்டா


வல்ஃபோஸ்கா
விண்ணேற்றத் திருநாளுக்கு மறுநாள்

நூட்டா,

லாப்போவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரபு நாடு கடத்திய லாப்போவின் தம்பிகளையும் கட்டி இழுத்துப் போனார்கள். வந்தவர்கள் வீட்டைத் தேடவே இல்லை. நேராக ஆலைச் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் அறைக்குப் போனார்கள். "புனிதவதிக்கு ஆண்டவர் காட்டிட்டார்மா. தண்ணிச் சக்கரத்துக்கு அடியில ஓநாய்ங்க ஒளிஞ்சிருக்குன்னு" என்றான் படைத்தலைவன்.

பாஸ்காவுக்கு வந்தபோது, பாரம் தாங்காமல் உன் காதில் மட்டும் சொன்னேனே. தம்பிகளை மறைத்து வைத்திருக்கிறோம், எனக்குத் தூக்கமில்லை என்று சொன்னேனே. நீ தெரிந்து காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். நான் சொன்னது உன் மனதில் கிடந்து, ஜெபத்தில் ஓநாயாக எழுந்து வந்திருக்கிறது.

கூடப்பிறந்தவர்களுக்குச் சோறு போட்டதைத் தவிர அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. லாப்போவை விட்டுவிடும்படி ஆண்டவர் சொல்வதாகப் பிரபுவிடம் சொல். நீ சொன்னால் விடுவார். உன் காலில் விழுகிறேன்.

ஜெம்மா


மொன்தேரோசா
தூய ஆவி ஞாயிறுக்கு முன்

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் சாப்பிடவில்லை. தரையில் விழுந்து கிடந்து கேட்டேன். ஆண்டவர் எதையும் காட்டவில்லை.

ஆனாலும் பிரபுவை வரச் சொன்னேன். அத்தானை விட்டுவிடுங்கள் என்று அழுதேன். அவர், "தாயே, இது ஆண்டவர் சொல்றதா, நீங்க சொல்றதா?" என்று கேட்டார்.

பொய் வாய் வரை வந்தது அக்கா. ஒருமுறை ஆண்டவர் பெயரில் பொய் சொன்னால், இதுவரை சொன்னதெல்லாம் என்னவாகும்? அந்த விடுதி என்னவாகும்? "நான்தான் சொல்கிறேன்" என்றேன்.

"அப்படின்னா மன்னிச்சிருங்க" என்று எழுந்து போய்விட்டார்.

என்னைச் சபித்துக்கொள். ஆனால் எழுது.

நூட்டா


வல்ஃபோஸ்கா
புனித யோவான் திருநாள்

நூட்டாவுக்கு,

நேற்று ஆலைக்கு எதிரே மூவரையும் தூக்கிலிட்டார்கள். புனிதவதியின் அக்கா என்று பிரபுவின் ஆட்கள் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். "இவளோட தங்கச்சி சொந்த அத்தானுக்காகக்கூட பொய் சொல்லலியாம்" என்று கூட்டத்தில் ஒருத்தி மெச்சினாள். இனி உனக்கு மதிப்பு இன்னும் கூடும்.

நான் ஜன்னலில் கொட்டியதை ஆண்டவர் வாக்கு என்று பிரபுவிடம் கொடுத்தபோது, இது யார் சொல்வது என்று நீ உன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. லாப்போவின் உயிர் என்று வந்தபோது மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தாய்.

உன்னை உள்ளே விட்டு வாசலைக் கல்வைத்து அடைத்த அன்று, உள்ளே போகிறவள் உலகத்துக்கு இறந்தவள் என்ற வழக்கப்படி ஆயர் உனக்கு இறந்தோர் பூசை வைத்தார். உன் தலையில் மண் தூவினார். அம்மா கதறினாள். "உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்கும்மா அழற?" என்று அவளை அதட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

நேற்று அவரைப் புதைத்துவிட்டு வந்து, உனக்கும் சேர்த்து அழுது முடித்தேன்.

லாப்போவின் விதவை,
ஜெம்மா