வளைந்த அகப்பையில் ஒரு பேர்

அம்மாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி தேவலையா? என் பையன் பாயு ராத்திரியில இருமுறானா? நான் சுகம்தான். ஃபாக்டரியில நின்னு நின்னு காலுதான் அசந்துபோகுது.

பேர் பொறிக்கிற லேசர் மிஷினைப் பார்க்க, லீவு நாள்ல இங்க ஜொகூர் டவுன்ல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லிம் தட்டைப் பலகையில பூப்போட்டுக் காட்டினார். அழகுதான். ஆனா கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குக் கொடுக்க நீங்க செய்யற அகப்பை வளைவாச்சே! என் கொட்டாங்கச்சி அகப்பையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"குழம்புக் கரண்டியோட கடைக்கு வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன்க்கா. என்ன பேர் போட?"

"பாயுன்னு போடுங்க."

நடுவுல பளிச்சுன்னு விழுந்துச்சு, ஓரத்துல மங்கிடுச்சு. சின்ன எழுத்தாப் போட்டா சரியா வரும்னார்.

திறந்த மிஷின் மலிவு, இப்பவே வாங்கிடலாம். ஆனா பாயு எதுலயும் மூஞ்சியை நுழைப்பானே, லேசர் வெளிச்சம் பட்டா கண்ணு என்னாகிறது? விலை கூடன்னாலும் மூடி போட்டதே வாங்குவோம். அதுக்கு இன்னும் ஒரு வருஷம் நான் இங்க இருக்கணும், அவ்வளவுதான்.

ஃபாக்டரி பஸ் வந்துடுச்சு, முடிக்கிறேன். வேற அகப்பை ஒண்ணு அனுப்புங்கம்மா. இதுல இனி குழம்பு ஊத்த மனசு வரலை.

உங்க மக,
வினார்த்தி