திங்கட்கிழமை ஸ்டீயரிங்

25 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்றும் அதே கூத்து. காலை நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன். ஸ்டீயரிங் கெட்டியான மாவைப் பிசைவது போலக் கனத்தது. டாஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு, பக்கத்தில் சறுக்கும் கார் படம் போட்ட இன்னொன்று. கடிகாரம் வேறு பன்னிரண்டு என்றது. பங்காருப்பேட்டை வருவதற்குள் கனம் குறைந்து, விளக்குகளும் அணைந்துவிட்டன. வண்டி வாங்கியதிலிருந்து திங்கள்தோறும் இப்படித்தான். செவ்வாய் முதல் சனி வரை என்ன சாது!

ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றவளுக்கு, பெட்ரோலும் கரண்டும் கலந்து ஓடுகிற வண்டி தேவையா என்று சர்ச்சில் கேட்டவர்களுக்கு இது தெரியவே கூடாது. ஆறரைக்கு ஹொஸ்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வண்டி ஒழுங்காக ஓடினால்தான் நர்சிங் இன்சார்ஜ் வேலையும் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்கும் வர முடியும்.

வீட்டுக்காரர் வால்டரிடம் சொன்னேன். இவர் தங்கச் சுரங்கம் மூடிய நாள் வரை அங்கே எலக்ட்ரீஷியன். ஆனால் என் வண்டியில் மட்டும் ஏறமாட்டார். "சீட்டுக்கு அடியில இருநூறு வோல்ட்டு வெச்சிகினு அதுமேல குந்தினு போறியே!" என்பார். இன்று, "கைக்கு பலம் போதலியோ இன்னாவோ" என்றார். போங்கள்.

28 ஆகஸ்ட், வியாழன்

ரூபேஷ் கடை. ராபர்ட்சன்பேட்டையில் இந்த மாதிரி வண்டியைத் தொடத் துணிந்த மெக்கானிக் அவன் ஒருவன்தான். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தான்.

"ஸ்டீயரிங் நேரா கீற எடம் எதுன்னே வண்டிக்கு மறந்துபோகுது ஆன்ட்டி. அது தெரியாம, சறுக்கினா புடிச்சி நிறுத்துற சிஸ்டமும் வேலை செய்யாது. பேட்டரிய யாராவது கழட்டினாங்களா?"

"யாருப்பா கழட்டுவா? வீட்ல நாங்க ரெண்டு பேருதான்."

டிக்கியில் இருக்கும் சின்ன பேட்டரி சோர்ந்திருக்கும் என்று புதிது போட்டான். மறந்துபோகிறதாம்! ஞாயிறு ஓய்வுக்கு அப்புறம் எனக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறதா?

1 செப்டம்பர், திங்கள்

புது பேட்டரி. பழைய கனம்.

4 செப்டம்பர், வியாழன்

மணிக்கட்டு வலிக்கிறது என்றதும் இவர் தைலம் தேய்த்துவிட்டார். திட்டிக்கொண்டேதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நாளெல்லாம் நான் எழுப்பினாலும் புரண்டு படுப்பவர், திங்களன்று மட்டும் எனக்கு முன்பே எழுந்து, வண்டிக் கண்ணாடியைத் துடைத்து, பிளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்துவிடுகிறார். வாரத்தின் முதல் நாள் எனக்குக் கஷ்டம் என்று தெரிந்திருக்கிறது. நல்ல மனுஷன். நேரில் சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

8 செப்டம்பர், திங்கள்



மழை. இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. பங்காருப்பேட்டைக்கு முந்தின வளைவு. நான் திருப்புகிறேன், வண்டி கேட்கவில்லை — பின்பக்கம் வழுக்கிச் சுற்றுகிறது — எதிரே புளியமரம். நின்றபோது ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். ஆண்டவரே, ஸ்தோத்திரம். கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தூங்கமாட்டார்.

10 செப்டம்பர், புதன்

என் வார்டு நர்ஸ் வினோலியாவின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. "இங்கியே தங்கிடுங்க சிஸ்டர், சனிக்கிழமை வூட்டுக்குப் போனா போதாதா?" என்கிறாள். வண்டியை விற்றுவிடலாம். உயிர் மிஞ்சும். ஆனால் வாரத்தில் ஐந்து ராத்திரி இவர் தனியாக... கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அப்படி இருந்ததில்லையே.

இவரிடம் கேட்டேன். "உனக்கு அது நல்லதுன்னா போ" என்றார். அப்புறம் ஒரே தோசையை அரை மணி நேரம் தின்றார். வினோலியாவுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

13 செப்டம்பர், சனி

பாடகர் குழுப் பயிற்சி இன்று இல்லை. ஆர்கன் வாசிக்கும் எட்மண்டுக்குக் காய்ச்சல். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு சர்ச்சுக்கு நடந்து போனவள், அஞ்சரைக்கே திரும்பினேன். வண்டியின் டிக்கி திறந்திருந்தது. இவர் கையில் ஸ்பானர். பேட்டரி ஒயரைக் கழற்றி, அதில் தன் பழைய சுரங்கப் பித்தளை டோக்கனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"லைன் கட் பண்றேன். ரெண்டு ராத்திரி சும்மா நிக்கிற மிஷின்ல லைன் இருக்கக்கூடாது. அதுவும் நாம படுக்கிற ஜன்னலண்ட கீது. வண்டி வந்ததுலேர்ந்து பண்றேனே. திங்கக்கெழமை நீ எழுந்துக்கறதுக்குள்ள மாட்டிடுவேன். சொன்னா சிரிப்பன்னுதான் சொல்லல."

சுரங்கத்தில் இவர் ஷிப்டில் அதுதான் வழக்கம். ஞாயிறு வேலை நின்றால், லைனைத் துண்டித்தவர் தன் டோக்கனை அங்கே மாட்ட வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது.

கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். மறந்துபோகிற ஸ்டீயரிங், விளக்கு, மழை, வளைவு, எல்லாவற்றையும் கொட்டினேன். புளியமரம் என்றதும் இவர் டிக்கி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானா?" என்றார். "உன்ன காப்பாத்தறேன்னு நெனச்சிகினு நானா பண்ணேன்?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபமும் தீரவில்லை, இவரை விட்டு எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

ரூபேஷ் வந்து விழுந்து விழுந்து சிரித்தான். ஒயரை மாட்டி, ஸ்டீயரிங்கை இடது கோடி, வலது கோடி வரை திருப்பி, நேரே கொஞ்ச தூரம் ஓட்டினான். விளக்குகள் அணைந்தன. "இனிமே கழட்டாதீங்க அங்கிள், அவ்ளோதான்." இவர் சிரிக்கவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

தொடவில்லை. சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நாலு முறை வெளியே போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார், ஏதாவது கருகுகிறதா என்று மோந்து பார்த்தார், உள்ளே வந்தார். மத்தியானத் தூக்கமும் இல்லை.

எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரே ஒரு தடவை டோக்கன் மாட்ட மறந்தார். யாரோ லைனைப் போட்டுவிட, மிஷினில் கை வைத்திருந்த கூட்டாளி வேலுவுக்கு இரண்டு விரல் போனது. வேலு இன்றும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார், கேக் சாப்பிடுகிறார், கேலி பேசுகிறார். இவர்தான் அந்தக் கையைப் பார்க்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் இன்று எனக்காகச் சும்மா இருந்தார். இதைவிடப் பெரிதாக எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

15 செப்டம்பர், திங்கள்

நாலு மணிக்கு எழுந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியை வண்டி தெரிகிற மாதிரி போட்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்து காவல் இருந்திருக்கிறார். வாய் திறந்து நல்ல தூக்கம். எழுப்பவில்லை. காபியை நானே போட்டுக்கொண்டேன். கரண்டில் கிளம்பும்போது என் வண்டிக்குச் சத்தமே கிடையாது. தெருமுனை வரை அப்படியே போனேன். ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு வளைந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை.

கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். வினோலியா முகம் சுருங்கியது. பாவம், அவளுக்கும் பேச்சுத் துணை வேண்டும்.

ஏழு மணிக்கு இவர் போன் செய்தார்.

"எப்ப போன? நான் பாக்கவே இல்லியே?"

"நல்லா தூங்கினு இருந்தீங்க."



"தூங்கினேனா? வண்டில லைன் இருக்கும்போதா?"

"ஆமா. சாயங்காலம் வந்துடுவேன். சாதம் மட்டும் வெச்சிடுங்க" என்றேன்.